பேட்டனைப் பற்றிப் பேசும்முன்

அன்புள்ள கண்ணு,

அடுத்த மாதம் உன் யூனிட்டில், இரண்டாம் உலகப் போரில் படை நடத்திய அமெரிக்க ஜெனரல் பேட்டனைப் பற்றி நீ பேசப்போகிறாய் என்று அப்பா சொன்னார். லீவுக்கு வந்தபோது நீ விட்டுப்போன புத்தகத்தை அதற்காகவே எடுத்துப் படித்து முடித்தேன். எங்கள் வயதுக்காரர்களுக்குப் பேட்டன் என்றால் 1965 பாகிஸ்தான் போரில் அசல் உத்தரில் அப்துல் ஹமீது அடித்து நொறுக்கிய டாங்கியின் பெயர்தான். அந்தப் பெயருக்குரிய மனிதரை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். நீ அவரை உயர்த்தித்தான் பேசுவாய். பேசு கண்ணு. ஆனால் வேலை பார்த்த காலமெல்லாம் வார்டில் நின்றவள் நான். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

அவருடைய கெட்டிக்காரத்தனத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1944 டிசம்பர் 16-ஆம் தேதி பெல்ஜியம் பக்கம் ஆர்டென் காட்டில் ஜெர்மானியர்கள் அமெரிக்கப் படைமேல் பாய்ந்தார்கள். மூன்று நாள் கழித்து பிரான்சிலுள்ள வெர்டனில் நேசப்படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் கூட்டம் போட்டு, எப்போது உங்களால் திருப்பி அடிக்க முடியும் என்று கேட்டார். 22-ஆம் தேதி, மூன்று டிவிஷனோடு என்றார் பேட்டன். அங்கே இருந்தவர்களுக்கு அது வெறும் வாய்ச்சவடாலாகத்தான் பட்டது. ஆனால் மனிதர் கிளம்பும் முன்பே தன் ஆட்களோடு உட்கார்ந்து மூன்று விதமாகத் திட்டம் போட்டு வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஒரு போன், ஒரு சங்கேத வார்த்தை, படை வடக்கே திரும்பியது. 26-ஆம் தேதி, அமெரிக்கர்கள் முற்றுகையில் சிக்கியிருந்த பாஸ்டோன் ஊரை எட்டிவிட்டார்கள். அவருடைய உளவு அதிகாரி ஆஸ்கர் கோக், எதிரி படை திரட்டுகிறான் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார். மேலே இருந்தவர்கள் அசட்டையாக இருந்தபோது பேட்டன் அதைக் காதில் வாங்கினார். தனக்குக் கீழே இருப்பவன் சொல்வதைக் கேட்கத் தெரிந்தவர்தான் அவர். என் ஆதங்கமே அதுதான்.

இனி இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வருகிறேன். 1943 ஆகஸ்ட் 3. நிகோசியா என்ற ஊர்ப் பக்கம் கூடார ஆஸ்பத்திரி. பேட்டன் கட்டிலுக்குக் கட்டில் போய்க் காயம்பட்டவர்களிடம் பேசிக்கொண்டே வருகிறார். கட்டுப்போட்ட பையன்களைப் பார்த்தால் அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிடும். அதெல்லாம் நடிப்பில்லை. அப்படியே வந்தவர், கட்டு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்த சார்லஸ் கூல் என்ற சிப்பாயிடம் உனக்கு என்ன என்று கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை என்றான் அவன். கையுறையாலே கன்னத்தில் ஒரு அறை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போய் உதைத்து வெளியே தள்ளினார். பிறகுதான் டாக்டர்கள் பார்த்தார்கள்: காய்ச்சல் 102.2 டிகிரி, ரத்தத்தில் மலேரியா, பல நாளாக நிற்காத வயிற்றுப்போக்கு. ஒரு வாரம் கழித்து, 10-ஆம் தேதி, வேறொரு ஆஸ்பத்திரியில் பால் பென்னட் என்ற பையன். பீரங்கிப் படைக்காரன், 21 வயது, போரில் மனசு தளர்ந்து போயிருந்தான். தன் யூனிட்டை விட்டுப் போகமாட்டேன் என்று கெஞ்சியவனைத்தான் டாக்டர்கள் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அவனையும் கோழை என்று திட்டி அறைந்தார், கைத்துப்பாக்கியை எடுத்துக் காட்டி மிரட்டினார். டாக்டர்களும் நர்சுகளும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இதைப் படித்தபோது கஞ்சிக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன்தான் எனக்கு நினைவுக்கு வந்தான். ஒடிசாக்காரன், இரும்பு உருக்கும் இடத்தில் வேலை. கூட வந்த மேஸ்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்: 'நேற்று நல்லாத்தான் சிஸ்டர் இருந்தான், வேலைக்கு வர மடி, நடிக்கிறான்.' பையனுக்குத் தமிழும் வராது, மலையாளமும் வராது. பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல் நுனியில் குத்தி ஸ்லைடில் ரத்தம் எடுக்கும்போதே குளிர் வந்துவிட்டது. பல் தந்தியடிக்கிறது, இரண்டு கம்பளி போர்த்தியும் இரும்புக் கட்டில் கடகடவென்று ஆடுகிறது. கொஞ்ச நேரத்தில் நெற்றி அனலாகக் கொதித்தது, அப்புறம் வியர்த்துக் கொட்டி விரிப்பே நனைந்துவிட்டது. ஸ்லைடில் மலேரியா. முறைக்காய்ச்சல் அப்படித்தான் கண்ணு, ஒரு நாள் ஆளைப் போட்டு உலுக்கும், மறுநாள் ஒன்றுமே நடக்காதமாதிரி எழுந்து நடப்பான். நேற்று நன்றாக இருந்தான் என்று மேஸ்திரி சொன்னது பொய்யில்லை. ஆனால் அது நோயின் சுபாவம், பையனுடைய சுபாவம் இல்லை.

பேட்டனுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. அந்தச் சிசிலிப் போரில் குண்டடிபட்டவர்களைவிட மலேரியாவில் படுத்தவர்கள்தான் அதிகம். பக்கத்தில் டாக்டர் நிற்கிறார். கேஸ் ஷீட் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. இவனுக்கு என்ன டாக்டர் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கோக்கிடம் கேட்டவர், வார்டில் கேட்கவில்லை. மனசு தளர்ந்து போவது ஒரு நோயே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அவர் உள்ளே நுழைந்தார். அதனால் காய்ச்சல்கூடக் கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 17-ஆம் தேதி சிசிலியின் மெசினா நகரம் பிடிபட்டது. அதே தேதியிட்டு ஐசனோவர் எழுதிய கண்டனக் கடிதமும் அவருக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்டார். நிருபர்கள் எழுதாமல் இருந்தார்கள். நவம்பரில் ட்ரூ பியர்சன் என்ற பத்திரிகையாளர் ரேடியோவில் போட்டு உடைத்தார். அடுத்த ஆகஸ்ட் வரை போர்முனையில் அவருக்குப் படையே தரவில்லை. அவரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டதால்தான் பாஸ்டோன் நடந்தது என்று நீ சொல்வாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறைந்ததால்தான் பாஸ்டோன் நடந்தது என்றுமட்டும் யாரையும் பேசவிடாதே. கண்டிப்பு இல்லாவிட்டால் படை நடக்காது என்று உங்கள் ஆட்களில் யாராவது எழுந்து சொல்வார்கள், பார்.

அவர்களுக்கு ஸ்லிம்மைச் சொல். என் அப்புச்சி பர்மாப் போர்முனையில் லாரி ஓட்டியவர். மலேரியா வராமலிருக்கக் கொடுத்த மஞ்சள் மாத்திரையை அதிகாரி கண்ணெதிரே விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லுவார். மேனி மஞ்சளாகிப் போகுமாம், ஆண்மை போய்விடும் என்றுகூட வதந்தியாம். அந்த மாத்திரைக்குப் பின்னால் இருந்தவர்தான் பர்மாவில் படை நடத்திய பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம். 1943-இல் அங்கே காயத்தோடு அனுப்பப்பட்ட ஒரு ஆளுக்கு 120 பேர் நோயோடு அனுப்பப்பட்டார்கள். ஸ்லிம் திடீர் திடீரென்று யூனிட்டுகளைச் சோதிக்க வைத்தார். நூற்றுக்கு 95 பேராவது மாத்திரை போட்டிருக்காவிட்டால் கமாண்டிங் ஆபீசருக்கு வேலை போனது. மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார், மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். இதைவிடக் கண்டிப்பு உண்டா? ஆனால் அடி விழுந்தது அதிகாரிகள்மேல். காய்ச்சலில் கிடந்தவன்மேல் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன், நீ விட்டுவிடாதே. சிசிலியில் 1943 ஜூலை 14-ஆம் தேதி பிஸ்காரி விமானத்தளத்துப் பக்கம் சரணடைந்த கைதிகள் 73 பேரை இரண்டு இடங்களில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். விசாரணையில் ஒரு சார்ஜெண்டும் ஒரு கேப்டனும் தரையிறங்கும் முன் ஜெனரல் பேட்டன் பேசியதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். கேப்டனை விட்டுவிட்டார்கள், சார்ஜெண்டுக்குத் தண்டனை. நீயும் கேப்டன், அதனால்தான் சொல்கிறேன். அப்புறம் 1945 மார்ச்சில் ஹாமல்பர்க். எதிரி மண்ணுக்குள் ரொம்ப தூரத்தில் இருந்த முகாமிலிருந்து அமெரிக்கக் கைதிகளை மீட்க ஏறக்குறைய 300 பேரை அனுப்பினார் பேட்டன். அந்த முகாமில் அவருடைய மருமகன் இருந்தார். போனவர்களில் பெரும்பாலானவர்கள் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். மருமகன் அங்கே இருந்தது உறுதியாகத் தெரியாது என்றார் பேட்டன். எனக்கு அதை நம்ப மனசு வரவில்லை. தன் மகளுக்காகத் துடித்த அப்பன் அவர், அது புரிகிறது. அந்த 300 பேருக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

உன் ஜவான்கள் யாராவது டாக்டரைப் பார்க்க எம்.ஐ. ரூமுக்குப் போக வேண்டும் என்று வந்து நின்றால், முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. போகவிடு, தெர்மாமீட்டர் சொல்லட்டும். ராத்திரித் தூக்கமில்லை, கை நடுங்குகிறது என்று ஒருவன் சொன்னால் அதற்கு ஸ்லைடு கிடையாது. அவனை இன்னும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

கூல் அந்த விஷயத்தை வீட்டுக்கு எழுதினான், தெரியுமா? ஜெனரல் என்னை அறைந்தார் என்று எழுதிவிட்டு, இதை மறந்துவிடுங்கள் என்றும் எழுதினான். அவனுடைய அப்பாவும் பெரிய மனசு பண்ணி மன்னித்தார். பின்னாளில், அந்த நேரத்தில் ஜெனரலுக்கே கொஞ்சம் போர்க்களைப்பு இருந்திருக்கும் என்று கூல் சொன்னான். உன் பேச்சில் இந்தப் பையன் பெயரையும் ஒருமுறை சொல். உனக்கே அப்படி ஏதாவது நடந்தால், மறந்துவிடு அம்மா என்று எனக்கு எழுதாதே. நடந்ததை நடந்தபடி முழுசாக எழுது.

அன்புடன்,
அம்மா
கொழிஞ்சாம்பாறை