மெயினை அணைத்தும் டெஸ்டர் எரிந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். வயது 63. என் கணவர் இருந்தவரை குழாய் ஒழுகினாலும் ஃபேன் நின்றாலும் அவரே பார்த்துவிடுவார். அவர் போய் மூன்று வருடமாகிறது. சின்ன வேலைக்கு ஆள் கூப்பிட்டால் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வாஷர் மாற்றுவதற்காக வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று அவருடைய டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன்.

முதலில் சமையலறைக் குழாய். கேட் வால்வை மூடிவிட்டு ஸ்பேனரால் தலையைக் கழற்றினால், உள்ளே வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. அதையே கையில் கொண்டுபோய்க் காட்டி அதே அளவில் வாங்கி வந்தேன். அடுத்தது மிக்ஸி. இட்லிப் பொடி அரைக்கும்போது நின்றுவிட்டது. அடிப்பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. சுமை அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானாக வெளியே வந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியதும் அதை அமுக்கினால் போதும். இது தெரியாமல் அதற்கு முன் ஒருமுறை கடையில் கொடுத்து 300 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம் ஃபேன். சித்திரை வெயிலில் ஹால் ஃபேன் முனகிக்கொண்டே நின்றது. கம்பால் தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றியது. எலக்ட்ரிக்கல் கடைக்காரர் கேட்டவுடனே, "கண்டன்சர் போயிருக்கும்மா, நீங்களே மாத்திரலாம்" என்றார். ஃபேன் சுற்றத் தொடங்க உதவும் சின்னப் பாகம் அது. பழையதில் 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் என்று போட்டிருந்தால் புதியதும் அதேதான் வாங்க வேண்டும், கூடுதலாகப் போட்டால் ஃபேன் மோட்டாரின் கம்பிச் சுருள் சூடாகிவிடும் என்றும் சொல்லிக் கொடுத்தார். விலை 60 ரூபாய்.

ஃபேன் சுவிட்சை அணைத்தேன். மெயினையும் இறக்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறி, ஃபேன் இணைப்பை மூடியிருக்கும் கப்பை இறக்கினேன். என் கணவர் எதைத் தொடுவதற்கு முன்னும், கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில் வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது. கை நடுங்க இறங்கிவிட்டேன்.

காரணம் இரண்டு. மெயினை இறக்கியதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கிவிட்டது. பகல் நேரம், லைட் எதுவும் போடவில்லை, அதனால் தெரியவில்லை. இன்னொன்று, எங்களுடையது பழைய வயரிங். ஃபேன் சுவிட்சை, மின்சாரம் வரும் கம்பியான ஃபேஸில் கொடுக்காமல், அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலில் கொடுத்திருக்கிறார்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஃபேன் வரை மின்சாரம் நிற்கும். மறுநாள் எலக்ட்ரீஷியனை வரவழைத்து அதை மாற்றினேன். அது என் வேலை இல்லை. கேஸ் அடுப்பையும் பிரிட்ஜையும்கூட நான் தொடுவதில்லை.

அன்று இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் எரியவில்லை என்று பார்த்த பிறகுதான் திரும்ப ஏறினேன். பழைய கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால், பிளாஸ்டிக் பிடி போட்ட திருப்புளியால் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிட்டு, புதியதை மாட்டி டேப் சுற்றினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஃபேன் பழைய வேகத்தில் சுற்றியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்வெர்ட்டர் மாட்டித் தந்தவர்கள் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்களே தவிர, இதைச் சொல்லவில்லை. இன்று இன்வெர்ட்டர் இல்லாத தெரு இல்லை. மெயினை அணைத்தால் போதும் என்று நம்பி ஸ்டூலில் ஏறுகிறவர்கள் எத்தனை பேரோ! மெயின் போர்டு பக்கத்தில் தமிழில் ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவதை இன்வெர்ட்டர் நிறுவனங்கள் கட்டாயமாக்க வேண்டும். எந்த எந்த லைன் இன்வெர்ட்டரில் போகிறது என்றும் அதில் எழுத வேண்டும்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று, பொருட்களைச் சரிசெய்யும் விவரங்களைத் தர ஓர் இணையதளம் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் அடக்கம். நல்ல காரியம். ஆனால் என் வயதுக்காரர்கள் செல்போனில் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். பொருளோடு வரும் புத்தகத்திலேயே, எந்தப் பாகம் தேயும், அதன் அளவு என்ன, கழற்றுவதற்கு முன் எதையெல்லாம் அணைக்க வேண்டும் என்று படத்தோடு தமிழில் போட வேண்டும். தங்கள் நாளிதழும் வாரம் ஒருமுறை இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்போதைக்கு என் வீட்டு போர்டில் நானே ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "மெயினை அணைத்தாலும் கரண்ட் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டரையும் அணைக்கவும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதே."

இப்படிக்கு,
ரா. கோமதி,
பாளையங்கோட்டை.