அட்டையின் சிறிய எழுத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தர்மபுரி கடைகளில் வலிப்பு மாத்திரை ‘ஸ்டாக் இல்லை’ என்றால், பல நேரம் தீர்ந்திருப்பது நீங்கள் கேட்ட கம்பெனியின் சரக்கு மட்டும்தான். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை, உதாரணமாக சோடியம் வால்ப்ரோயேட், மில்லிகிராம் அளவோடு சொல்லி முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் கேளுங்கள். ‘சி.ஆர்.’ என்று போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது மெதுவாக மருந்தை வெளிவிடும் வகை. சாதா மாத்திரை ஈடாகாது, பொடிக்கவும் கூடாது. கம்பெனி மாற்றுமுன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மாத்திரை கையில் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரூர், பென்னாகரம் பக்கத்தவர்கள் பஸ் ஏறுமுன் போனில் கேட்டு எடுத்துவைக்கச் சொல்லலாம். கடைக்காரர்களும் வெறுமனே கைவிரிக்காமல், மொத்த வியாபாரியிடம் விசாரித்து எப்போது வருமென்று சொல்ல வேண்டும்.

- ஒரு மருந்தாளுநர், தர்மபுரி