நஞ்சராயன் குளத்துக் கரையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் நான். படிப்பு பத்தாவதோடு சரி. இந்த முறை பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நான்கு நாளும் பட்டியல் போட்டுவிட்டேன். அதற்குக் காரணமான உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

முதலில் பைனாகுலர் அண்ணனுக்கு. பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததையெல்லாம் எழுது என்றீர்கள். "காக்காயையுமா எழுதோணும்?" என்று சிரித்தேன். "எல்லாத்தையும் எழுதினாத்தானம்மா, எழுதாதது கண்ணுல படலைன்னு அர்த்தமாகும்" என்றீர்கள். நூறு பட்டியலில் எத்தனையில் ஒரு பறவை இருக்கிறது என்பதை வருடா வருடம் ஒப்பிட்டுத்தான் அது கூடுகிறதா, குறைகிறதா என்று கணிக்கிறார்களாம். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைக்கே, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இ-பேர்டு என்கிற, பறவைப் பட்டியல் போடும் இணையதளத்தில் போட்ட 3 கோடிக்கும் அதிகமான பதிவுகள்தான் அடிப்படை என்றீர்கள். அன்றிலிருந்து காக்காயை நான் விடுவதில்லை.

எட்டாம் வகுப்புப் பாப்பாவுக்குத் தனியாக நன்றி. நாள் முழுக்க டஜன் டஜனாகத் துணி எண்ணுகிற எனக்குக் குளத்தில் கூட்டமாக மிதக்கிற நாமக்கோழியை எண்ண வரவில்லை. முப்பதைத் தாண்டுவதற்குள் நாலு முங்கிவிடும், இரண்டு வேறு பக்கம் எழும்பும். "பத்தை எண்ணுங்கக்கா. அது எவ்வளவு எடம் அடைக்குதுன்னு கண்ணுல வெச்சுக்கிட்டு, அந்த அளவுல கூட்டத்தைத் துண்டு போட்டுக்கிட்டே போங்க" என்றாயே, எங்கள் கட்டிங் மாஸ்டர் தோற்றார் போ!

அப்புறம், நாங்கள் இ-பேர்டில் போடுகிற பட்டியலைச் சரிபார்க்கிற, முகம் தெரியாத அந்தச் சரிபார்ப்பாளருக்கு. போகியன்று டிராக்டர் உழுத காட்டில் 86 சின்னக் கொக்கு என்று போட்டிருந்தேன். மறுநாளே உங்கள் மின்னஞ்சல். தப்பு என்று ஒரு சொல் இல்லை. அலகு என்ன நிறம், ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தீர்கள். ஞாபகம் இல்லை. வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான் நான் பார்த்தது. மறுநாள் வேலைக்கு லீவு என்பதால் மறுபடி போய் நின்றேன். மஞ்சள் அலகு. சின்னக் கொக்குக்கு அலகு கருப்பு. அத்தனையும் உண்ணிக்கொக்கு! திருத்திப் போட்டேன். கம்பெனியில் தப்பு விட்டால் திட்டு விழும். இங்கே ஒரு கேள்வி வந்தது, நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கரையில் ஆடு மேய்க்கிற ஆத்தாவுக்கு இந்தக் கணக்கெடுப்பெல்லாம் தெரியாது. ஆனால் கருப்பு அலகு சின்னக் கொக்கு, மஞ்சள் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கிற பாதத்தால் ஓரத்துத் தண்ணீரைக் கலக்கி மீனை மிரட்டிப் பிடிப்பதை எனக்குக் காட்டியது அவர்தான். இதை அவருக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.

அண்ணா, இரவல் பைனாகுலர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வார் அறுந்துவிட்டது, எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கரைக்குக் கொண்டுவருகிறேன்.