ரம் வாசம் ஏற்றிய வெர்ஜீனியா: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு மலரில் 'ரம்மில் ஊறிய புகையிலை' என்னும் தலைப்பில் ஒரு சிறு குறிப்பு வெளிவந்திருந்தது. சுங்கானில், அதாவது புகைக்கும் குழாயில், இடும் வெர்ஜீனியாப் புகையிலையை மேனாட்டார் ரம்மில் ஊறவைத்துப் புகைக்கிறார்கள் என்றும், அதைப் புகைப்பவருக்குக் குடித்தவரைப் போலவே தலை கிறுகிறுக்கும் என்றும், மட்டமான இலையின் நெடியை மறைக்கவே இந்த உத்தி கையாளப்படுகிறது என்றும் அதில் கண்டிருந்தது. போதாக்குறைக்கு, சிகரெட் சுற்றும் நார்நாரான தூளின் படம் ஒன்றும் உடன் அச்சாகியிருந்தது. நாற்பது ஆண்டுகளாகச் சுங்கான் பிடிப்பவன், அதிலும் பாதிக் காலத்துக்கு மேல் இந்த ஒரு வகையையே விரும்பிப் பிடிப்பவன் என்ற முறையில், முதல் இரண்டு கூற்றுகளும் தவறு என்றும் மூன்றாவது பாதி மெய் என்றும் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில் 'ஊறிய' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். சுங்கான் புகையிலையில் பேர்லி என்றொரு வகை உண்டு. காற்றில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவதால் அதன் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துபோய், இலை பஞ்சுபோல் ஆகி, எதை ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும். வெர்ஜீனியா அப்படியன்று. அதன் உடம்பில் ஏற்கெனவே நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு சர்க்கரை இருக்கிறது. மேலே தெளித்தது பெரும்பாலும் மேலேயே நிற்கும். ஆகவே வெர்ஜீனியாவுக்கு ரம் வாசம் ஏற்றுபவர்கள், இலையை அழுத்துவதற்கு முன்போ வேலை முடியும் தறுவாயிலோ அளவாகத் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரம்மில் உள்ள சாராயம் 78 பாகையில் கொதித்துப் பறந்துவிடக்கூடியது. நீராவிக்கும் அழுத்தத்துக்கும் உலர்த்தலுக்கும் பிறகு அதில் சொல்லத்தக்க அளவு மிஞ்சுவதில்லை. மிஞ்சியதும் தீக்குச்சி பட்டவுடன் போய்விடும். நிற்பது கரும்புப்பாகின் மணமும், பீப்பாய் மரத்திலிருந்து இறங்கிய வெனிலா போன்ற ஒரு மென்மையும், பழ வாசமும்தான். தலை கிறுகிறுப்பது உண்டு, மறுக்கவில்லை. வெறும் வயிற்றில் அவசரமாக இழுப்பவருக்கு ரம் தொடாத புகையிலையிலும் அது நேரும். அது நிக்கொட்டினின் வேலை.

யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில்களுக்கு அருகே வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. இலைக்குக் கோடா போடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பனங்கட்டியும் வேறு சரக்குகளும் சேர்த்துக் காய்ச்சிய அந்த நீரை ஒவ்வொரு முதலாளியும் தமக்கே உரிய இரகசியமாக வைத்திருப்பார். கோடா கூடினால் சுருட்டு தித்தித்துப் பிசுபிசுக்கும், குறைந்தால் காறும் என்று, நிலத்தில் வரிசையாக அமர்ந்து சுற்றிக்கொண்டே ஒருவர் உரக்க வாசிக்கும் பத்திரிகையைக் கேட்டுக்கொண்டிருந்த தொழிலாளிகள் எனக்குச் சொன்னதுண்டு. கோடா போட்ட சுருட்டைப் 'பனங்கட்டியில் ஊறிய சுருட்டு' என்று நம்மில் எவரும் எழுதுவதில்லை.

இனி இலையைப் பற்றி. அமெரிக்காவின் வெர்ஜீனியாக் குடியேற்றமான ஜேம்ஸ்டவுனில் ஜோன் ரொல்ஃப் என்பவர் 1612 அளவில் பயிரிடத் தொடங்கியதால் வெர்ஜீனியா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்றாலும், இன்று நாம் அந்தப் பெயரால் குறிப்பிடும் பொன்மஞ்சள் இலை அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் பிந்தியது. 1839இல் வட கரோலினாவின் காஸ்வெல் மாவட்டத்தில், ஏபிஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில் அடிமையாக இருந்த ஸ்டீபன் என்ற இளைஞர், உலர்த்தும் கொட்டகையில் இரவுக் காவல் இருந்தபோது உறங்கிவிட்டார் என்றும், விழித்துப் பார்த்து, அணையவிருந்த நெருப்பில் பட்டறைக் கரியை அவசரமாக அள்ளிப் போட்டார் என்றும், திடீரென எழுந்த அந்தச் சூட்டில் இலை கறுக்காமல் மஞ்சளாகவே நின்றுவிட்டது என்றும் கூறுவர். பிறகு புகை இலையைத் தொடாதபடி இரும்புக் குழாய்கள் வழியே சூட்டை மட்டும் கொட்டகைக்குள் செலுத்தும் முறை வந்தது. முதலில் மிதமான வெப்பத்தில் இலையின் மாச்சத்து சர்க்கரையாகிறது. அது மறுபடி கரைந்துபோவதற்குள் வெப்பத்தைப் படிப்படியாக 70 பாகைக்கு மேல் ஏற்றி, இலை நரம்பு முறியும் வரை உலர்த்திவிடுகிறார்கள். வெர்ஜீனியாவின் இனிப்பு இவ்வாறு இலைக்குள்ளேயே பிறந்தது. ரம் கொண்டுவந்து சேர்த்ததன்று. ரம்மும் கரும்புப்பாகிலிருந்து வருவதால், இரண்டும் சந்திக்கும்போது உறவினர்களைப் போல் ஒத்துப்போகின்றன என்பதுதான் இந்தச் சேர்க்கையின் நியாயம்.

அந்தச் சந்திப்பு கடலில் நிகழ்ந்தது. பிரித்தானியக் கடற்படையில் மாலுமிகளுக்கு இலைப் புகையிலையும் ரம் பங்கும் தனித்தனியே வழங்கப்பட்டன. இலையை ரம் தொட்டு ஈரமாக்கி, உருட்டி, கித்தான் துணியில் சுற்றி, கயிற்றால் இறுக இறுகக் கட்டி மாதக்கணக்கில் வைத்து, பின் கத்தியால் வட்டம் வட்டமாகச் சீவிப் புகைப்பது அவர்கள் கண்ட வழி. இன்றும் டப்பிகளில் 'நேவி' என்ற சொல் காணப்படுவது அதனால்தான். ரம் பங்கு 1970ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நிறுத்தப்பட்டது. புகையிலையில் அதன் வாசம் மட்டும் எஞ்சியது. அந்த ரம்மில் பெரும் பகுதி இன்றைய கயானாவின் டெமராராக் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது என்பதையும், அடிமை முறை ஒழிந்தபின் அந்தத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுள் சென்னையிலிருந்து சென்ற தமிழர்களும் இருந்தனர் என்பதையும் இந்த இடத்தில் குறிப்பிடுவது பொருந்தும். சுவையைப் பேசும்போது அது யார் கையால் விளைந்தது என்பதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

நான் வசிக்கும் லங்காஸ்டருக்கு வடக்கே, மலையடிவாரத்தில் கெண்டல் என்ற சிற்றூர் இருக்கிறது. தாமஸ் ஹாரிசன் என்பவர் 1792இல் கிளாஸ்கோவிலிருந்து மூக்குப்பொடி அரைக்கும் பொறிகளை அங்கே கொண்டுவந்து இறக்கியதிலிருந்து புகையிலைத் தொழிலுக்கு அவ்வூர் பேர்பெற்றது. மேற்கே கடலோரத்தில் வைற்ஹேவன். 18ஆம் நூற்றாண்டில் வெர்ஜீனியா இலையும் மேற்கிந்தியச் சர்க்கரையும் ரம்மும் வந்திறங்கிய துறைமுகம். அந்த வட்டாரத்து வீடுகளில் இன்றும் வெண்ணெயில் ரம்மும் பழுப்புச் சர்க்கரையும் குழைத்து ரொட்டியில் தடவி உண்கிறார்கள். ரம் வாசமுள்ள வெர்ஜீனியா 'ஃபிளேக்'கை நான் முதன்முதலில் வாங்கியது கெண்டலில்தான்.

ஃபிளேக் என்பது தங்கள் படத்தில் கண்ட தூள் அன்று. இலைகளை அடுக்கி நீராவியில் இளக்கி, நாட்கணக்கில் அழுத்தத்தில் வைத்துக் கட்டியாக்கி, மெல்லிய பட்டைகளாக அறுத்தது. டப்பியைத் திறந்தவுடன் ரம் முகத்தில் அடிக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். முதலில் வருவது மெல்லிய புளிப்பு. அதன் பின்னால் உலர்ந்த வைக்கோல், முந்திரிகை வற்றல், கருப்பட்டி. அவற்றுக்கும் பின்னால், அடுத்த அறையில் யாரோ போத்தலைத் திறந்து மூடியதுபோல, ரம். அந்த வரிசை மாறி ரம் முன்னே நின்றால், நான் அந்த டப்பியைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். தங்கள் குறிப்பின் மூன்றாவது கூற்று பாதி மெய் என்றது இதனால்தான். சப்பையான இலையை வாங்கி, செயற்கை ரம் எசன்ஸை வாரி இறைத்து, பிசுபிசுக்கும் ஈரத்தோடு அடைத்து விற்கும் சரக்குகள் சந்தையில் நிறையவே உள்ளன. அவை டப்பியில் மணக்கும். சுங்கானில் வெந்நீரைப் போலிருக்கும். போதாததற்கு, சுங்கானில் புகையிலை இடும் கிண்ணத்தில் தங்கிவிட்டு, அடுத்த பத்துத் தடவை என்ன போட்டாலும் தாமே வந்து நிற்கும்.

நல்ல ஃபிளேக்கும் ஈரமாகவே வருகிறது. இரண்டு பட்டைகளை எடுத்து ஒரு தட்டில் குறைந்தது அரைமணி நேரம், மழைநாளில் ஒரு மணி நேரம், ஆற வைக்க வேண்டும். ரம் போய்விடுமே என்று அஞ்சி நான் ஆரம்ப காலத்தில் ஆற வைக்காமலே பற்றவைத்து, நாக்கு வெந்து, இரண்டு நாள் இரசத்தின் உறைப்பைக்கூடத் தாங்க முடியாமல் இருந்திருக்கிறேன். வெர்ஜீனியாவின் சர்க்கரை சூடாக எரியும். ஈரமும் சேர்ந்தால் வாய்க்குள் வருவது ஆவிதான். ஆறிய பட்டையை மடித்து அப்படியே திணிப்பவர்கள் உண்டு. நான் விரல்களுக்கிடையே பாதி உதிர்த்து, அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் இடுகிறேன். முதல் தீ இலையை எழும்பச் செய்வதற்கு. எழும்பியதை மெதுவாக அமுக்கிவிட்டு வைக்கும் இரண்டாவது தீதான் புகைப்பதற்கு.

ரம் முதல் ஐந்து நிமிடம் மூக்கின் வழியே தெரியும், பிறகு மறைந்துவிடும். இங்கேதான் பலர், வாசம் தீர்ந்துவிட்டதென்று எண்ணி, அதைத் தேடி வேகமாக இழுத்து, எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள். தேடக் கூடாது. நடுப்பகுதியில் இலை தன் குரலில் பேசத் தொடங்கும்: எலுமிச்சைத் தோலின் மெல்லிய கூர்மை, புதிதாகச் சுட்ட ரொட்டியின் மேல்தோல், பாகு பதம் ஏறும்போது எழும் வாசம். சுங்கான் அணையப் போகிறதோ என்று ஐயப்படும் அளவுக்குக் குறைவாக இழுக்கும்போது, எதிர்பாராமல், ரம் திரும்பி வரும். இப்போது அதில் சாராயத்தின் காரம் இருக்காது, கனிந்த வாழைப்பழமும் கரும்புப்பாகுமாக இருக்கும். ஒரு கிண்ணத்தில் இவ்வாறு மூன்று அல்லது நான்கு தடவை நிகழலாம். ஒன்றும் நிகழாத மாலைகளும் உண்டு. அடிப்பகுதியில் இனிப்பு கருகலாகி மிளகுக் காரம் ஏறும். சாம்பலுக்கு முன்பே நான் நிறுத்திவிடுகிறேன். இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அரைமணியில் முடித்தவர் இதைச் சுவைத்ததாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

விந்தை என்னவென்றால், புகைப்பவனைவிடப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் ரம் வாசம் அதிகம் தெரிகிறது. வீட்டுக்குள் எங்கள் ஊர்க் கலியாணக் கேக் வெட்டியதுபோல் மணக்கிறது என்று என் மனைவி முதல் நாள் சொன்னார். மறுநாள் அந்தக் கேக் திரைச்சீலையில் இருக்கக் கூடாது என்று என்னைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினார். அன்று முதல் கொல்லைப்புறமே என் இடம். அவர் செய்தது சரி. பிறர் விட்ட புகையை மூச்சில் ஏற்பவருக்கும் தீங்குண்டு.

இதை எழுதுவதால் எவரையும் சுங்கான் பிடிக்கச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். புகையை உள்ளிழுப்பதில்லை என்பதை வைத்துச் சுங்கான்காரர்கள் தம்மைத் தாமே சமாதானம் செய்துகொள்வது வழக்கம். உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கு அந்தச் சமாதானம் தெரியாது. வாசமூட்டிய சிகரெட்டுகள் இளையோரை இழுக்கின்றன என்பதற்காக ஐரோப்பாவில் அவற்றைத் தடைசெய்தபோது, சுங்கான் புகையிலைக்கு விலக்கு அளித்தார்கள். அதைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் என் வயதினர் என்பது காரணமாயிருக்கலாம். அந்த விலக்கும் ஒருநாள் நீங்கினால் நான் முறையிடமாட்டேன். அலமாரியில் இருக்கும் டப்பிகள், வாரத்துக்கு இரண்டு கிண்ணம் என்ற கணக்கில், என் காலத்துக்குப் போதும்.

எனினும் தீங்கானது என்பதற்காக ஒரு பொருளைத் தவறாக விவரிக்கலாம் என்றாகிவிடாது. ஆகவே அடுத்த ஞாயிறு மலரில் 'ஊறிய' என்பதை 'வாசம் ஏற்றிய' என்று திருத்தி, கிறுகிறுப்புக்குக் காரணம் நிக்கொட்டின் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தையும் மாற்ற இயலுமாயின், ஃபிளேக் பட்டைகளின் ஒளிப்படம் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். தட்டின் ஓரத்தில் தெரிவது என் மனைவியின் வடகம், அதை வெட்டிவிட்டு அச்சிடலாம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
லங்காஸ்டர், இங்கிலாந்து