அந்த அரை மணி நேரத்தை விற்காதீர்கள்

தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர். மாணவர் ஆலோசனைக் குழுவின் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு மேல் உங்களில் பலர் காசு வாங்கிக்கொண்டு ஒளிபரப்புகிற ஆண்மை மருந்து விளம்பர நிகழ்ச்சியை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாட்டி வைத்த சான்றிதழ்களுக்கு முன்னால் ஒருவர் அமர்ந்திருப்பார், எதிரே ஒருவர் தலையாட்டிக்கொண்டிருப்பார், கீழே கைப்பேசி எண் ஓடிக்கொண்டே இருக்கும். இளமைக்காலத் தவறுகள், கைப்பழக்கம், நரம்புத் தளர்ச்சி என்று பேச்சு நீளும். அந்த அரை மணி நேரத்தை இனி விற்காதீர்கள் என்று கேட்கத்தான் இம்மடல்.

இந்தப் பருவத்தில் என் மாணவன் ஒருவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். விடுதி அறையில் படுத்தே கிடக்கிறான் என்றார்கள். நேரில் போய்க் கேட்டபோது நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். பள்ளி நாட்களிலிருந்தே இரவில் கைப்பேசியில் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம். தூக்கமும் படிப்பும் கெடுவதை உணர்ந்து, யாரிடமும் சொல்லாமல், தானாகவே விட்டிருக்கிறான். விட்ட பிறகு எரிச்சல் வந்திருக்கிறது. மனம் சோர்ந்திருக்கிறது. படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. அப்படி விழித்திருந்த ஓர் இரவில்தான் உங்கள் நிகழ்ச்சி அவன் கண்ணில் பட்டிருக்கிறது.

அந்த எண்ணுக்கு அழைத்து, 'நான் பழக்கத்தை விட்டுவிட்டேன், ஆனாலும் சோர்வாக இருக்கிறது' என்று சொல்லியிருக்கிறான். மறுமுனையில் கிடைத்த பதில்: 'விட்டால் மட்டும் போதாது தம்பி, போன சக்தி தானாகத் திரும்பாது. மூளை நரம்பு சுருங்கியிருக்கும். இப்போதே கவனிக்காவிட்டால் கல்யாண வாழ்க்கை கிடையாது.' விடுமுறை நாட்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்து வைத்திருந்த தேர்வுக் கட்டணம் அந்த மருந்துப் பார்சலுக்குப் போய்விட்டது. பெயரில்லாத உறையில் சூரணமும் லேகியமும் வந்தன. எதிலும் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அவற்றைத் தின்று தீர்த்த பிறகும் சோர்வு போகவில்லை. நோய் முற்றிவிட்டது என்று அவனே முடிவு செய்துகொண்டான். சாவைப் பற்றி யோசித்ததையும் சொன்னான். யாரும் தூண்டாமல், தன் நலனுக்காக ஒரு பழக்கத்திலிருந்து வெளியே வந்த பிள்ளை அவன். முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டியவனிடம் அவன் மூளை நரம்பு சுருங்கிவிட்டது என்று சொல்ல நீங்கள் இடம் கொடுத்திருக்கிறீர்கள்.

அவனுக்கு உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது? இரவு, தனிமை, கையில் போன் என்ற சூழலுக்கும் கிடைக்கப்போகும் இன்பத்துக்கும் மூளை முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பற்றி எல்லோரும் இப்போது பேசுகிறோமே, அதன் முக்கிய வேலைகளில் ஒன்று 'வேண்டும், வேண்டும்' என்று நம்மை உந்துவது. பார்ப்பதை நிறுத்தினாலும் அதே இரவும் தனிமையும் வரும்போது உந்துதல் எழும். பழைய முடிச்சை மூளை ஒரே நாளில் அவிழ்த்துவிடாது. அதன் மேல் புதிய பழக்கத்தை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும். ஆகவே மாதங்கள் கழித்தும் மன அழுத்தமான ஒரு நாளில் ஆசை தலைகாட்டலாம். அது நரம்பு கெட்டதற்கு அடையாளமல்ல. எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதுமில்லை. 176 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்றில், ஒரு வாரம் நிறுத்தியவர்களிடம் பொதுவாகப் பெரிய தொந்தரவு எதுவும் தெரியவில்லை. பழக்கம் முற்றியிருந்தவர்களுக்கு மட்டும் ஏக்கம் கூடியதற்கான அறிகுறி இருந்தது. 90 நாளில் மூளை புதிதாகிவிடும் என்று இணையத்தில் கணக்குச் சொல்பவர்களுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. நாள் கணக்கு சிலருக்குப் பிடிமானமாக இருக்கலாம். ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நொறுங்கிப்போகிற பிள்ளைகளையும் நான் பார்க்கிறேன்.

'மூளை சுருங்கும்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக்கூடிய ஓர் ஆய்வும் எனக்குத் தெரியும். 2014-ல் பெர்லினில் 64 ஆண்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அதிக நேரம் ஆபாசப் படம் பார்ப்பவர்களுக்கு மூளையின் ஒரு பகுதி சற்றுச் சிறியதாக இருந்தது. பழக்கத்தால் அது சிறுத்ததா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள் அதிகம் பார்க்கிறார்களா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. அதை வைத்து லேகியம் விற்பதில் நியாயமில்லை.

இந்தப் பழக்கத்தால் கெடுதலே இல்லை என்று நான் வாதாடவில்லை. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் 'இது பாவம், தப்பு' என்ற குற்ற உணர்வால் மட்டுமே ஒருவர் வருந்தினால் அதை இந்த நோயாகக் கொள்ளக்கூடாது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. நோய் இருப்பவர்களுக்கு வழியும் இருக்கிறது. சுவீடனில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் 137 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், குழுவாக அளித்த மனநலப் பயிற்சியே நல்ல பலன் தந்தது.

ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தம் என்று இன்னமும் சொல்கிறார்கள். ரத்த அணு எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது, விந்தணு விரையில் உருவாகிறது. ஒன்றைக் காய்ச்சி மற்றொன்று வருவதில்லை. விந்து போனால் உடல் பலமும் போகும் என்ற இந்த அச்சத்துக்கு 1960-லேயே மனநல மருத்துவர் என்.என். விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் கொடுத்துவிட்டார். மருத்துவர்கள் நோயாகக் கண்டு சிகிச்சை தருகிற அச்சத்தை நீங்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள்.

சட்டமும் உங்களுக்குத் தெரியாததல்ல. பாலியல் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. 'கருத்துகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று ஓரத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா? காசு வாங்கியது நிறுவனம்தானே?

எல்லாப் பழியையும் உங்கள் மேல் போட மாட்டேன். இனப்பெருக்கப் பாடம் வந்தால் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டும் பள்ளிகள் நம்முடையவை. அப்பாவிடம் கேட்டால் அடி, நண்பனிடம் கேட்டால் கேலி. ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் பல கல்லூரிகளில் முழுநேர மனநல ஆலோசகர் ஒருவர்கூட இல்லை. என்னைப் போன்ற ஆசிரியர்கள் பாட வேளைகளுக்கு நடுவே அந்த வேலையைச் செய்கிறோம். அரசிடம் கேட்க வேண்டியதைத் தனியே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இத்தனை கதவுகளும் சாத்தியிருப்பதால்தான் நள்ளிரவில் உங்கள் திரையில் ஓடும் எண்ணை எங்கள் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

ஆகவே, பணிவுடன் மறுபடியும் கேட்கிறேன். அந்த அரை மணி நேரத்தை மருந்து விற்பவர்களுக்கு விற்காதீர்கள். நடப்பு ஒப்பந்தம் முடியும் வரை நிறுத்த முடியாது என்பீர்களானால், அதுவரை அந்த நிகழ்ச்சி ஓடும் நேரம் முழுவதும் 14416 என்ற எண்ணைத் திரையில் பெரிதாகக் காட்டுங்கள். அது அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண். இரவு எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். என் மாணவன் இப்போது மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்வருகிறான். தூக்கம் ஓரளவு திரும்பியிருக்கிறது. தேர்வுக் கட்டணத்தை ஆசிரியர்கள் சேர்ந்து கட்டினோம்.

உங்களில் யார் எப்போது நிறுத்துவீர்கள் என்ற தேதியை எழுத்தில் தெரிவித்தால் எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்போம்.

இப்படிக்கு,
அரசு கலைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்