மிஞ்சிய சயனைடு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியைப் படித்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று எழுதவே இல்லையே?

தாதுவிலிருந்து தங்கத்தைக் கரைக்கப் போடும் சயனைடு விஷத்தை, தங்கம் எடுத்த பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தாய். மூன்று மாதமாக எனக்கு அதே யோசனைதான். ஆலையின் கழிவுப் பிரிவுக்கு மாறிவிட்டேன்.

கல்லூரியில் போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு கிராம் தங்கத்தைக் கரைக்க அரை கிராம் சோடியம் சயனைடு போதும். டன் தாதுவில் பெரும்பாலும் சில கிராம் தங்கம்தான். ஆனால் டன்னுக்குச் சில நூறு கிராம் சேர்க்க வேண்டியிருக்கிறது. கந்தகக் கனிமங்கள் ஒரு பங்கைத் தயோசயனேட் என்ற, கந்தகம் சேர்ந்த வேறொரு சேர்மமாக்கிவிடும். இரும்பு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். இரண்டும் எளிதில் திரும்பாது. செம்பு இருந்தால் செலவு இன்னும் ஏறும்: கரைகிற ஒவ்வொரு கிலோ செம்பும் இரண்டேகால் கிலோ சயனைடுக்கு மேல் கட்டிப்போட்டுவிடும். எங்கள் தாதுவில் செம்பு நிறைய.

கந்தக டையாக்சைடும் காற்றும் செலுத்திச் சயனைடை நச்சு மிகக் குறைந்த சயனேட்டாக்கி அழிப்பதுதான் பரவலான வழக்கம். விலை கொடுத்து வாங்கியதை, மறுபடி செலவழித்து அழிப்பதை என் மனம் ஏற்கவில்லை. மீட்பதும் புதிதல்ல. கனடாவின் பிளின் பிளான் சுரங்கத்தில் 1930களிலேயே செய்திருக்கிறார்கள். சயனைடு நீரில் அமிலம் விட்டால் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷம் உண்டாகும். அது 26 டிகிரியிலேயே கொதிப்பது. காற்றை ஊதி அதைப் பிரித்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் பிடித்தால் பழைய சோடியம் சயனைடு கைக்கு வந்துவிடும்.

நாங்கள் செய்வது 'சார்ட்' முறை. முதலில் தாதுக் கழிவுக் குழம்பைக் கெட்டியாக்கித் தெளிந்த நீரைப் பிரிக்கிறோம். அதில் சல்பைடும் கந்தக அமிலமும் சேர்த்தால் செம்பு சல்பைடாக அடியில் இறங்கும், சயனைடு விடுபடும். பிறகு சுண்ணாம்பு சேர்த்துப் பிஎச்சை (அமில-காரத் தன்மையின் அளவை) ஏற்றி, அதே நீரைத் தாது கரைக்கும் தொட்டிக்கே அனுப்புகிறோம். செம்பையும் விற்கலாம். சுண்ணாம்பு சேர்க்கும் இடத்தில் ஜிப்சம் படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்வதுதான் தீராத தலைவலி.

பயம் இல்லையா என்பாய். இருக்கிறது. ஆலையின் மற்ற பகுதிகளில் பிஎச் பத்தரைக்குக் கீழே போகாமல் கண்கொத்திப் பாம்பாகக் காக்கிறோம். இறங்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். இங்கே அமிலம் விட்டு நாங்களே இறக்குகிறோம். தொட்டிகள் எல்லாம் மூடியவை, வாயுவை உறிஞ்சிக் காரக் கரைசலில் கழுவித்தான் வெளியே விடுகிறோம். வாயு அலாரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் யாரையும் உள்ளே விடமாட்டேன்.

2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரேயில் கழிவு அணை உடைந்து சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஆற்றில் கலந்தது. ஹங்கேரியில் திஸா ஆறு நெடுக மீன்கள் செத்து மிதந்தன. அணைக்குப் போகும் சயனைடு குறைந்தால், அணையே உடைந்தாலும் ஆற்றுக்குப் போவது குறையும். எனக்குப் பணக் கணக்கைவிட இதுதான் பெரிது. மீட்ட பிறகும் கொஞ்சம் மிஞ்சும்; அதை அழித்தே ஆக வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கணும். அந்தக் கடைசி மிச்சத்தை ரெசினில், அதாவது நீரில் கரைந்ததை ஈர்த்துப் பிடிக்கும் பிசின் மணிகளில், பிடிக்கப் பார்க்கிறோம். ஆனால் அமிலம் விட்டுக் கழுவும்போது செம்பு சயனைடு ரெசினுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. இத்தனை வருடம் நீர் சுத்திகரிப்பில் ரெசினோடே பழகியவன் நீ. என்ன செய்து பார்க்கலாம் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
முருகேசன்