திங்கட்கிழமை ஆறரை மணிக் கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

சிம்மக்கல் மொட்டைமாடி அறையில் என்னோடு உட்கார்ந்து, ராஜ்ஜியச் சண்டையும் டிராகனுமாக ஓடிய அமெரிக்க டிவி தொடர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்த அண்ணன்மார், அக்கா, மாப்பிள்ளைகள் எல்லாருக்கும், கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் எழுதுவது.

குரூப்பில் போட்டால் இரண்டாவது வரியிலேயே சண்டை தொடங்கிவிடும் என்பதால் ஊர் பார்க்க மடலாகவே எழுதிவிட்டேன். மதுரையில் நம்மைப் போல இன்னும் எத்தனை மாடி அறையில் எத்தனை கூட்டம் இருந்ததோ, அவர்களுக்கும் சேர்த்துத்தான். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்தோடு எழுந்து போய்விடுங்கள். கடைசி எபிசோட் வரை போட்டு உடைக்கப் போகிறேன். முக்கியமாக, என் அக்கா மகள் கண்ணில் இது பட்டுவிடக் கூடாது.

விஷயமே அவளைப் பற்றியதுதான். காலேஜ் முடித்துவிட்டு, புது நத்தம் ரோட்டில் 2023இல் திறந்தார்களே கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே போய்ப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை. ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் இந்தத் தொடர். போன மாதம் பைபாஸ் ரோட்டு அண்ணன் கடைக்கு வந்தவர் அவளிடம், "நாலாவது சீசனோட நிப்பாட்டிரும்மா. அதுக்கு மேல குப்பை. புத்தகத்தை நாசம் பண்ணிட்டாய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பேங்க் அக்கா, "கடைசி சீசன் பாக்குற நேரத்துக்குத் தூங்கலாம்டி" என்றிருக்கிறார். வில்லாபுரம் மாப்பிள்ளை எல்லாரையும் தாண்டிவிட்டான். கடைசியில் யார் ராஜா என்று சொல்லிவிடவா என்று கேட்டிருக்கிறான்.

அவள் என்னிடம் வந்து கேட்டாள்: "மாமா, இம்புட்டுத் திட்டுறாங்களே, அப்புறம் எதுக்கு விடியக்காலைல எந்திரிச்சு உக்காந்து பாத்தீங்க?"

சட்டென்று பதில் வரவில்லை. அப்போது சொல்ல முடியாததைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

2019 சித்திரையை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 14 வருசப் பிறப்பு, ஞாயிறு. மறுநாள் காலை ஆறரைக்கு எட்டாவது சீசனின் முதல் எபிசோட். அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி ஓடுகிறபோதே நமக்கும் வந்துவிடும். அந்த வாரம் 17ஆம் தேதி மீனாட்சி கல்யாணம், 18ஆம் தேதி தேர், அன்றைக்கே பாராளுமன்ற ஓட்டும், 19ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்கினார். 22ஆம் தேதி இரண்டாவது எபிசோடுக்கு அண்ணன் விரலில் ஓட்டு மையோடும், எதிர்சேவையில் நின்று வீங்கிய காலோடும் மாடிப்படி ஏறி வந்தார். அவருக்காகத்தான் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கீழேயிருந்து தூக்கி வந்தேன்.

மூன்றாவது எபிசோட் 82 நிமிடம். மொத்தத் தொடரிலும் அதுதான் நீளம். இறந்தவர் படையோடு நடக்கிற அந்த ராத்திரிப் போருக்கு 55 இரவு படம் பிடித்தார்கள். நமக்கு என்ன தெரிந்தது? கிழக்கு ஜன்னலில் ஏழு மணி வெயில் அடிக்க, லேப்டாப்பில் நம் நாலு பேர் மூஞ்சிதான் தெரிந்தது. போர்வையை எடுத்து ஜன்னலில் கட்டிய பிறகும், "யாருய்யா செத்தது? நம்மாளா, அவனா?" என்று மாப்பிள்ளை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டான். உலகமே இருட்டு இருட்டு என்று கத்தியதற்கு, டிவியைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதது பார்ப்பவர் குற்றம் என்கிற மாதிரி ஒளிப்பதிவாளர் பதில் சொன்னார். அடுத்த வாரம் விருந்துக் காட்சியில் ஒரு காபி கப் மேஜை மேலேயே நின்றது. எடுத்தவர் பார்க்கவில்லை, எடிட் செய்தவரும் பார்க்கவில்லை. அதற்கு நாம் சிரித்த சிரிப்பில் கடை வாசலில் ஜெராக்ஸ் எடுக்க நின்ற ஆள் மாடிக்கே வந்துவிட்டார்.

மே 13ஆம் தேதி யாரும் சிரிக்கவில்லை.

மணி அடிக்கிறது. ஊர் சரணடைந்தாயிற்று. அரியணையைப் பிடிக்க வந்த ராணி டெனேரிஸ் டிராகன் மேல் உட்கார்ந்து அரண்மனையைப் பார்க்கிறாள். முகம் ஒரு மாதிரி ஆகிறது. அப்புறம் தெருத் தெருவாக எரிக்கிறாள். பேங்க் அக்கா கையில் இருந்த டீ ஆறி, மேலே ஆடை படிந்து, அந்த ஆடை சுருங்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பெண் குழந்தைகளுக்கு அவளுடைய பட்டப்பெயரான கலீசியையே பெயராக வைத்திருந்தார்கள். அந்தப் பெற்றவர்களெல்லாம் அன்றைக்கு என்ன செய்தார்களோ. நம் அறையில் முதலில் வாய் திறந்தது அண்ணன்தான்: "புத்தகத்துல இப்புடி இல்ல."

அண்ணே, எந்தப் புத்தகத்தில்?

இந்தத் தொடருக்கு மூலமான ஜார்ஜ் மார்ட்டினின் நாவல் வரிசையில் முதலாவது 1996இல் வந்தது. மூன்றாவது 2000இல். ஐந்தாவது 2011 ஜூலையில், அதாவது தொடர் தொடங்கி மூன்று மாதம் கழித்து. ஆறாவதுக்கு நீங்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2016இல் ஆறாவது சீசன் வந்தபோதே கதை புத்தகங்களைத் தாண்டி ஓடத் தொடங்கிவிட்டது. அதுவரை மூலையில் ஸ்டூல் போட்டு, அடுத்தது என்ன என்று தெரிந்தவர் மாதிரி மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்த நீங்கள், அன்றையிலிருந்து எங்களோடு பாயில் உட்கார வேண்டியதாயிற்று. பாதிக் கோபம் அங்கேதான் கிளம்பியது என்று எனக்கு ஒரு சந்தேகம். தப்பாக நினைக்காதீர்கள்.

முக்கியமான முடிவுகளைத் தொடர் எடுத்த இருவரிடமும் மார்ட்டினே முன்கூட்டிச் சொல்லியிருந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஸ்டார்க் வீட்டுப் பையன் பிரான் கடைசியில் ராஜாவாவது மார்ட்டின் சொன்னது என்று அந்த வேடத்தில் நடித்த பையனே பேட்டியில் சொன்னான். ஆக, நாளைக்கு அவர் எழுதி முடித்தாலும் பல இடத்தில் இதே ஊருக்குத்தான் வந்து சேரப் போகிறார். பிரானின் அம்மா கேட்லின் செத்த பிறகு எழுந்து வருகிற இடத்தைத் தொடரில் மொத்தமாக விட்டுவிட்டார்கள் என்பதில் மட்டும் நான் உங்கள் கட்சி. மூன்றாம் நாவலின் கடைசிப் பக்கங்களை நீங்கள் வாசித்துக் காட்டிய ராத்திரி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் மூலத்தை மாற்றினான் என்பதையே குற்றமாகச் சொல்ல மதுரைக்காரனுக்கு வாய் வரலாமா? கோயில் புராணத்தில் அழகர் மலையை விட்டு வருவது மண்டூக மகரிஷியின் சாபத்தைத் தீர்க்க. அது முன்பு தேனூரில் நடந்த விழா. திருமலை நாயக்கர்தான் அதை மதுரைப் பக்கம் இழுத்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்துவைத்தார் என்கிறார்கள். தங்கச்சி கல்யாணத்துக்குச் சீரோடு வந்த அண்ணன், அதற்குள் தாலி கட்டிவிட்டார்கள் என்று கேட்டு ஆற்றோடு கோபித்துத் திரும்பியது ஊர் தானாகக் கட்டிக்கொண்ட கதை. லட்சக்கணக்கான பேர் ஆற்றில் நின்று பார்க்கிறோமே, புராணத்தில் இப்படி இல்லை என்று யாராவது திரும்பிப் போயிருக்கிறோமா? தேனூர்க்காரர்களுக்கு வருத்தம் இருக்கும், அது வேறு கதை. (என் அம்மா மட்டும் விதிவிலக்கு. 2023இல் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும், நாவலில் உள்ளபடி சேந்தன் அமுதனுக்கு மகுடம் சூட்டாமல் எப்படி எழுந்திருக்கிறது என்று சீட்டை விட்டு அசையவில்லை.)

ஊரை எரித்ததும் நமக்குப் புதிதில்லை. நாம் குடியிருப்பதே ஒரு பெண் எரித்த ஊரில். எரித்தவளுக்குச் சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் இடமும் கொடுத்து வைத்திருக்கிறோம். இளங்கோ என்ன செய்தார்? ஒற்றைச் சிலம்போடு அவளைத் தெருவில் நடத்திக் கூட்டி வந்தார். அரசவையில் வழக்காட வைத்தார். சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைத் தெறிக்க வைத்தார். பாண்டியனும் அரசியும் உயிர்விட்ட பிறகுதான் நெருப்பு. அந்த நெருப்புக்கும் கிழவர், குழந்தை, பசு, பத்தினி, அறவோரை விட்டுவிடு என்று உத்தரவு. அதற்கு அப்புறமும் மதுராபதித் தெய்வமே வந்து பழைய கதையெல்லாம் சொல்லிச் சமாதானம் பேசுகிறது. எரிக்கிற கைக்குப் பின்னால் அத்தனை நடை நடந்திருக்கிறது. டெனேரிஸுக்கு எட்டாவது சீசனில் அந்த நடைக்கு எத்தனை எபிசோட் கொடுத்தார்கள்? நண்பன் போனான், தோழி போனாள், ஒரு டிராகன் போனது, அடுத்த வாரம் ஊரே போனது.

என் பிராது இதுதான். இதைச் சொல்ல எனக்கு நாடகம்தான் தோதுப்படுகிறது.

மேலூர்ப் பக்கம் அப்பத்தா ஊரில் மாசிக் களரிக்கு வருசா வருசம் 'வள்ளி திருமணம்' போடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி நூறு வருசம் தாண்டியாயிற்று. முருகன் வள்ளியைக் கட்டுவான் என்பது மேடைக்கு முன்னால் சாக்கை விரித்துப் படுத்திருக்கிற நாய்க்கும் தெரியும். அப்படியும் ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் எடுத்ததிலிருந்து விடியும் வரை ஒரு சனம் அசையாது. பபூன் வருவார், நாரதர் வருவார், தினைப்புனத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம். அது நீண்டுகொண்டே போகும், கிழவிகள் வெற்றிலையை மடித்த கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்து கேட்பார்கள். அப்புறம் வேடனாக வந்த முருகனோடு இன்னொரு தர்க்கம், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு ஒரு கூத்து. எல்லாம் முடிந்து கல்யாணம் நடக்கையில் கிழக்கே வெளுக்கும்.

நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறபோது ஒரு வருசம் முருகனாக நடிக்கிற ராஜபார்ட் பிந்தி வந்தார். வேறு ஊரில் இன்னொரு சோலியாம், விடிவதற்குள் கிளம்ப வேண்டுமாம். வேடன் வேசத்தில் வந்தார், நாலு வசனம் பேசினார். வள்ளி எதிர்க்கேள்வி போட வாயெடுக்கும் முன்னே பாட்டை முடித்தார். கிழவன் வேசமே இல்லை. தாலியைக் கட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறிவிட்டார். கதை ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. முருகன்தான் வந்தான், வள்ளியைத்தான் கட்டினான். ஆனால் அப்பத்தா சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தவள், "அவ இன்னும் சரின்னே சொல்லலையேடா, அதுக்குள்ள எப்படிரா கட்டுவான்?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டாள். கமிட்டிக்காரர்கள் பாக்கிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் ஆறு சீசனும் பத்துப் பத்து எபிசோட். ஏழாவது ஏழு, எட்டாவது ஆறு. இன்னும் நீட்டலாம் என்றுதான் தொடரை ஒளிபரப்பிய ஹெச்பிஓ சேனல் சொன்னது, எடுத்தவர்கள்தான் போதும் என்றார்கள். அதற்குள் 2018 பிப்ரவரியிலேயே அவர்கள் 'ஸ்டார் வார்ஸ்' படங்கள் எடுக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. கார் வாசலில் நின்ற ராஜபார்ட் என்று நாம் மாடியில் பேசிக்கொண்டோம். அவர்கள் மனசில் என்ன இருந்தது என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். அந்தப் படங்களையும் அவர்கள் எடுக்கவில்லை, அடுத்த வருசமே விலகிவிட்டார்கள்.

திறமையான எழுத்தாளர்களை வைத்து எட்டாவது சீசனை மறுபடி எடு என்று இணையத்தில் ஒரு மனு கிளம்பி 17 லட்சம் கையெழுத்துக்கு மேல் விழுந்ததே, அதில் அண்ணன் போட்டது நம் கடைக் கம்ப்யூட்டரில்தான். நானும்தான் போட்டேன், மறைக்கவில்லை. அந்தப் பனியில் 55 இரவு நின்ற ஆட்களை நினைத்தால் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பத்தா கேட்டதில் என்ன தப்பு?

ஆனால் அடுத்த வருசக் களரிக்குக் கிளம்பிய பிள்ளைகளிடம், நாடகம் பார்க்காதே, போய்ப் படு என்று அவள் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் சாக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் நிறுத்து நிறுத்து என்று என் அக்கா மகளிடம் சொல்வதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வந்தது. பிரானைச் சுமந்து திரிந்த ஹோடர், அவனைத் தப்பவிடக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஆறாவது சீசனில்தானே? அன்றைக்குத் துண்டால் மூக்கைச் சிந்தியது யார்? நாலாவதோடு நிறுத்தினால் அது அவளுக்கு ஏது? கடைசி சீசனைப் பார்த்துவிட்டு இந்த மாடியில் நின்று தன் வாயாலேயே திட்டுகிற பாக்கியமாவது அவளுக்குக் கிடைக்க வேண்டாமா?

ஒன்றை நினைத்துப் பாருங்கள். 'ரெட் வெட்டிங்' என்கிற கல்யாண வீட்டுப் படுகொலையை 2000இலேயே படித்தவர்கள், 2013 ஜூனில், மூன்றாவது சீசன் ஒன்பதாவது எபிசோடில், அது தொடரில் வருகிற வரை கூடப் பார்க்கிற ஆட்களிடம் மூச்சுவிடாமல் இருந்தார்கள். அண்ணனும் இருந்தார். அந்தக் கல்யாண வீட்டுக் கதவைச் சாத்தியபோது எங்களுக்குத் தொண்டை அடைத்ததே, அது அவர் வாயைக் கட்டியதால் எங்களுக்குக் கிடைத்தது. அப்படிப்பட்ட ஆள் இப்போது கடை வாசலில் நின்று முடிவைப் பற்றிப் பேசலாமா?

ஆக, நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளை மூன்றாவது சீசன் எட்டாவது எபிசோட் முடித்துவிட்டாள். ஒன்பதாவதைத் தனியாகப் பார்க்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாடியில் பார்ப்போம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எல்லாருக்கும் லீவு என்று சொல்லிவிட்டேன். குடும்ப வாரியாக யார் யாருக்குப் பிள்ளை என்று ஏ3 தாளில் அடித்து லாமினேஷன் போட்ட சார்ட் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. செத்தவர்கள் பெயரை மாப்பிள்ளை மார்க்கரால் அடித்திருந்தான். அதை மட்டும் கழற்றிக் கடையில் வைத்துவிட்டேன்.

எட்டரைக்கு வந்துவிடுங்கள். புரோட்டா அக்கா வாங்கி வரட்டும், சால்னா தனிப் பையில். அண்ணனுக்கு ஸ்டூல் போட்டுவைக்கிறேன், ஆனால் மீசைக்குள் சிரிக்கக் கூடாது. மாப்ள, நீ போனைக் கீழே கல்லாவில் வைத்துவிட்டு ஏறு. அவள் முகத்தை வீடியோ எடுக்க நீ திட்டம் போட்டிருப்பது எனக்குத் தெரியும்.